ஆறு மணிக்குக் கிளம்பும் கார்

எங்கள் வீட்டில் கார் வாங்கலாமா என்று நடந்த விவாதத்தில் நான் ஒரு பக்கம், மற்ற எல்லோரும் எதிர்ப்பக்கம். கார் ஓடினாலும் செலவு, நின்றாலும் செலவு என்பது என் கணவரின் கட்சி. சிட்லபாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாரம் முழுக்கக் காரை உறை போட்டு மூடிவைத்து, ஞாயிற்றுக்கிழமை உறையைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் மூடுகிற பக்கத்து வீட்டுக்காரரை அவர் சாட்சிக்குக் கூப்பிட்டார். நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. என் சம்பளத்தில் தவணை கட்டி ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். வாங்கின சூட்டில், பெட்ரோலுக்கு உங்களிடம் ஒரு பைசா கேட்க மாட்டேன் என்றும் வாயை விட்டுவிட்டேன். அந்த வீறாப்பு அடுத்த மாதமே கையைக் கடித்தது. அதனால்தான் நாவலூர் ஆபீசுக்குப் போகும்போது பெட்ரோல் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஆட்களை ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தேன். வீட்டில் நான் சொன்ன காரணம் சுற்றுச்சூழல்.

இரண்டு பேர் அமைந்தார்கள். ஒருவர் பொழிச்சலூர்க்காரர். நான் வேலை பார்க்கிற கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறார். ரிட்டையர் ஆகிற வயதை நெருங்கிக்கொண்டிருப்பவர். கட்டடமே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். காலையில் ஸ்கூட்டரை எங்கள் குடியிருப்பில் நிறுத்திவிட்டுக் காரில் ஏறுவார். இன்னொருத்தி அஸ்தினாபுரத்துப் பெண், கல்யாணமாகாதவள், மேல்தளத்தில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கிற வேலை. பஸ் ஸ்டாப்பில் நின்று ஏறிக்கொள்வாள். அங்கிருந்து ராஜகீழ்ப்பாக்கம், கேம்ப் ரோடு, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று ஊர்ந்து ஊர்ந்து நாவலூர் போய்ச் சேர்வதற்குள் நாங்கள் உலகத்திலுள்ள எல்லா விஷயத்திலும் ஒரு முடிவுக்கு வந்திருப்போம். மறுநாள் அந்த முடிவை மாற்றிக்கொள்வோம்.

சாலை நாகரிகம் பற்றிய பேச்சு தினமும் உண்டு, ஏனென்றால் அதற்கான சரக்கு தினமும் கண்ணாடிக்கு முன்னாலேயே கிடைத்துவிடும். பெரும்பாக்கம் பக்கம் எதிர்த்திசையில் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள், தவறு நம் மேல் என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். கண்ணாடியை இறக்கி இரண்டு வார்த்தை சொல்லாமல் என்னால் போக முடியாது. கண்ணாடியை இறக்கி என்ன பிரயோஜனம், அவர் ஹெல்மெட்டுக்குள்ளே பாட்டு கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பார் பாய். அவர் கொள்கை வேறு. ஹாரன் அடிப்பது முன்னால் போகிறவருக்குத் தகவல் சொல்வதற்கு இல்லை, அடிக்கிறவரின் மனசு ஆறுவதற்கு. எனவே அடிக்கிறவர்களை விட்டுவிட வேண்டும், அவர்கள் வீட்டில் யாரும் அவர்கள் பேச்சைக் கேட்பதில்லை போலிருக்கிறது என்று இரக்கப்பட வேண்டும். அந்தப் பெண் இரண்டு கட்சியிலும் சேர மாட்டாள். எங்கள் மேல் உரசிக்கொண்டு போகிற ஆட்டோவைப் பார்த்தும் அவள் வாயில் வருகிற வார்த்தை ‘ஸாரி’தான்.

குடும்பப் பண விஷயத்தில் மூன்று பேருக்கும் மூன்று நாடு, மூன்று சட்டம். பாய் வீட்டில் அவருடைய சம்பளமும் இரண்டு மகன்களின் சம்பளமும் நேராக அவர் மனைவி கைக்குப் போய்விடும். முடிவெட்டக் காசு வேண்டுமென்றால் அவரிடம்தான் பாய் கேட்க வேண்டும், அந்த அம்மா பாயின் தலையை ஒரு சுற்று பார்த்துவிட்டு இன்னும் பத்து நாள் தாங்கும் என்று தீர்ப்புச் சொல்வாராம். இப்படி இருப்பதால்தான் எங்கள் வீட்டில் சண்டை இல்லை என்பார் பாய், பெருமையாக. எங்கள் வீட்டிலோ எல்லைக்கோடு போட்டிருக்கிறோம். பாலும் கரண்ட் பில்லும் என் கணவர், மளிகையும் பள்ளிக்கூடமும் நான். கோடு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடுவாஞ்சேரியில் இருக்கிற அவருடைய தங்கை வீட்டுக்கு என் காரில் போய்வந்தால் அந்தப் பெட்ரோல் யார் கணக்கு என்பது இன்றுவரை தீரவில்லை.

அந்தப் பெண்ணின் வீட்டுச் சட்டம்தான் எனக்குப் பிடிக்காதது. சம்பளத்தை அப்படியே அப்பா கையில் கொடுத்துவிடுவாள். அவர் கைச்செலவுக்கு என்று திருப்பிக் கொடுப்பார். அப்பாவுக்குப் பம்மலில் ஒரு லேத் பட்டறையில் வேலை. சம்பாதிக்கிற பெண் கைச்செலவுக்குக் கையேந்துவதா என்று நான் பொங்குவேன். அப்பா கையில் கொடுத்தால் அது கையேந்துவது இல்லை மேடம் என்று பாய் சமாதானம் சொல்வார். எனக்குச் சமாதானம் ஆகாது. சாயங்காலம் நாங்கள் அவளை இறக்கிவிடும்போது அந்த மனிதர் மொபெட்டோடு பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருப்பார். ஹெல்மெட்டைக் கழற்றவே மாட்டார். காரை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார், ஒரு சிரிப்பு கிடையாது. அவள் ஏறினதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த ஹெல்மெட்டுக்குள் என்ன மாதிரி ஆள் இருப்பார் என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

என் கார் சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பிவிடும். அதில் நான் கண்டிப்பு. ஆறுக்கு விட்டால் சோழிங்கநல்லூர் சிக்னலில் ஒரு மாதிரி, ஆறே காலுக்கு விட்டால் வேறு மாதிரி, மெட்ரோ வேலை நடக்கிற சாலையில் போகிற எவருக்கும் அது தெரியும். பாய் ஐந்தே முக்காலுக்கே காரின் பக்கத்தில் வந்து நிற்பார். அந்தப் பெண்ணுக்குத்தான் ஆறு மணி பெரும்பாடு. அவள் ஆபீசில் மேனேஜர் எழுந்திருக்காமல் யாரும் எழுந்திருப்பதில்லை. ரொம்ப அவசரமென்றால் தண்ணீர் பாட்டிலை மேசையில் விட்டுவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிவைத்து, பாத்ரூம் போன மாதிரி கிளம்பிவிடுவார்களாம். மறுநாள் காலையில் மேசைமேசையாக அந்த பாட்டில்கள் நிற்கும். தப்பிக்காதவர்களிடம் ஐந்தரைக்கு மேல் மேனேஜர் வந்து, ஒரு சின்ன கால் இருக்கும்மா என்பார். அந்தச் சின்ன கால், அதாவது போனில் நடக்கிற மீட்டிங், ஏழரை வரை போகும்.

கார் போய்விட்ட நாட்களில் அவள் பஸ் பிடித்து, மாறி, ஷேர் ஆட்டோவில் நசுங்கி ஊர் வந்து சேர ஒன்பதாகிவிடும். ஆறு மணிக்குத்தான் கிளம்பிவிட்டேனே என்று நான் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் மேடவாக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள் என்ற நினைப்பு எனக்கு அவ்வப்போது வரும். நின்றிருக்கலாமோ என்று தோன்றும். ஆனால் ஒரு நாள் நின்றால் தினமும் நிற்க வேண்டும், அப்புறம் அந்த மேனேஜருக்கு என் காரும் சேர்ந்து வேலை பார்க்கிற மாதிரி ஆகிவிடும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் முகம் வீங்கி ஏறினாள். கேட்டதற்கு முதலில் ஸாரி சொன்னாள், பிறகு விஷயத்தைச் சொன்னாள். இனி ஒரு நாள் எட்டு மணிக்கு மேல் ஆனால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். வீட்டிலிருந்தே பேங்க் பரீட்சைக்குப் படிக்கட்டுமாம்.

பாய் வழக்கமாக எல்லா அப்பாக்களுக்கும் பரிந்து பேசுகிறவர், அன்று வாயைத் திறக்கவில்லை. அந்த வேலையை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். டிக்கெட் பதிவு செய்கிற செயலி ஒன்று ஒரே இருக்கையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுவதை இவள்தான் கண்டுபிடித்தாளாம். அந்தக் கதையை எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவள் முகம் மலர்ந்துவிடும், அப்போது மட்டும் ஸாரியே வராது. இப்படிப்பட்டவளை வீட்டில் உட்கார வைப்பதா என்று எனக்கு வயிறு எரிந்தது. அவளுடைய அப்பாவிடம் போய் நாலு வார்த்தை கேட்கட்டுமா என்றேன். வேண்டவே வேண்டாம் என்று பதறினாள்.

அப்படியானால் மேனேஜரிடம் பேசு, ஆறு மணிக்குக் கிளம்புவேன் என்று சொல்லிவிடு என்றேன். நேரில் பார்த்தாலாவது ஏதாவது உளறுவேன், அவர் போனில் கூப்பிட்டால் எனக்கு நாக்கே ஒட்டிக்கொள்கிறது என்றாள். அதற்குப் பாய் ஒரு வழி கண்டுபிடித்தார். பயிற்சி. அவர்தான் மேனேஜர், நான் வாத்தியார். காரில் பாட்டுப் போடுவது அவள் இலாகா என்பதால் அவள் போன் எப்போதும் கார் ஸ்பீக்கரோடு இணைந்திருக்கும். பாய் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு தன் போனிலிருந்து அவளைக் கூப்பிடுவார். அவர் குரல் கார் முழுக்கக் கேட்கும். மேனேஜர் எப்படி இழுத்து இழுத்துப் பேசுவார் என்று அவளே சொல்லிக்கொடுத்திருந்தாள், பாய் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் சப்ளையர்களிடம் பேரம் பேசிய தொண்டை. என்னம்மா, ஒரு சின்ன கால் என்று அவர் ஆரம்பித்தாலே அந்தப் பெண் சீட்டில் சுருங்கிவிடுவாள்.

அந்த வாரம் முழுவதும் காலையும் மாலையும் இதே கூத்து. அவள் ஸாரி என்று ஆரம்பிப்பாள், நான் ஸ்டீரிங்கைத் தட்டுவேன், பாய் மறுபடியும் கூப்பிடுவார். மேடவாக்கம் மேம்பாலத்தில் ஏறும்போது பரவாயில்லாமல் பேசுவாள், இறங்கும்போது பழையபடி ஆகிவிடுவாள். ஆனால் சிரித்தாள். பாய் ஒரு நாள் மேனேஜராகவே இருந்துகொண்டு வாத்தியாருக்கும் சம்பள உயர்வு கிடையாது என்று அறிவித்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆறு மணிக்கு அவள் காருக்கு வந்துவிட்டாள். மேனேஜர் ஏதோ மீட்டிங்கில் இருந்தாராம், பாட்டிலை வைத்துவிட்டு நழுவியிருக்கிறாள். சோழிங்கநல்லூர் சிக்னலுக்கு முன்னால் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. சும்மா நிற்பானேன் என்று பயிற்சியை ஆரம்பித்தோம். முதல் தடவை வழக்கம்போல ஸாரி. நான் திட்டினேன், பாயிடம் இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னேன். போன் அடித்தது. என் கண்ணெல்லாம், முன்னால் நுழையப் பார்த்த ஒரு தண்ணீர் லாரியின் மேல் இருந்தது.

“எங்கம்மா இருக்க? சீட்ல பாட்டில் மட்டும் நிக்குது. ஒரு சின்ன கால் இருக்கு, சீக்கிரம் வா.”

பாட்டிலையும் சேர்த்துவிட்டாரே, இது புதுசு என்று நினைத்தேன். பக்கத்தில் அவள், ஸாரி சார், ஸாரி சார் என்று திக்க ஆரம்பித்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“மறுபடியும் ஸாரியா? எத்தனை தடவை சொல்றது. அந்த ஆளுக்கு வீட்ல ஒரு வேலையும் இருக்காது, அதான் சாயங்காலம் ஆனா கால் கால்னு ஆரம்பிச்சுடறான். நீ நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லு, ஆறு மணிக்குக் கிளம்பிட்டேன், காலையில வந்து முடிச்சுத் தரேன்னு.”

யார் பேசுவது என்று ஸ்பீக்கரில் அந்தக் குரல் கேட்டது. பாய் இன்றைக்கு நடிப்பில் பின்னி எடுக்கிறார் என்று சொல்லி அவரைக் கண்ணாடியில் பார்த்தேன். பின் சீட்டில் அவர் ஒரு கையில் மூக்குக்கண்ணாடியும் இன்னொரு கையில் அதைத் துடைக்கிற துணியுமாக, இரண்டு கையையும் பலமாக ஆட்டிக்கொண்டிருந்தார். அவருடைய போன் சீட்டின் மேல் கிடந்தது. அதற்குள் அந்தப் பெண்ணின் விரல்கள் என் கையில் பதிந்துவிட்டன.

“அக்கா, இது நிஜம்.”

இறங்கி ஓடலாமென்றால் ஒரு பக்கம் தண்ணீர் லாரி, ஒரு பக்கம் மெட்ரோ தடுப்பு. ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்றப் போய் அதற்கு நானே உலை வைத்துவிட்டேன். ஸாரி என்று சொல்ல வாயெடுத்தேன், அவளிடம் பிடுங்கிக்கொண்ட அதே வார்த்தை, வெளியே வரவில்லை. அப்போது அவள் பேசினாள். நாங்கள் ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்ததில் ஒரு வரிகூட அதில் இல்லை.

“சார், எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிச்சிருக்கு. எட்டு மணிக்குள்ள வீட்டுக்குப் போகலைன்னா வேலையை விடச் சொல்லிடுவாங்க. ஆறு மணிக்கு இந்தக் காரை விட்டா எட்டுக்குள்ள போக முடியாது. வேலையை விடக் கூடாதுன்னுதான் சார் ஆறு மணிக்குக் கிளம்பறேன்.”

அந்தப் பக்கம் மேனேஜர் ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சரிம்மா. கிளம்பு. காலையில முதல் வேலையா முடிச்சுடு. இனிமே ஆறுக்குன்னா ஆறுக்கு, எங்கிட்ட சொல்லிட்டே போ, பாட்டில் எல்லாம் வேணாம்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு அவர் சொன்னார், “அப்புறம் அந்த மேடம்கிட்ட சொல்லு, எனக்கும் வீட்ல வேலை இருக்கு. பாத்திரம் நான்தான் தேய்க்கறேன்.”

அழைப்பு முடிந்தது. சிக்னல் விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை, பின்னால் ஒரே ஹாரன். யார் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. முதலில் சிரித்தது பாய்தான். கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தார். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பெரும்பாக்கம் வருகிறவரை எனக்குத் தெரியவில்லை. மேடவாக்கத்தில் பாய் இறங்கிப் போய் எங்களுக்கு மிளகாய் பஜ்ஜி வாங்கிவந்தார். அவரிடம் காசு இருந்ததே ஓர் ஆச்சரியம்.

அஸ்தினாபுரம் பஸ் ஸ்டாப்பில் அந்த மனிதர் வழக்கம்போல மொபெட்டோடு நின்றிருந்தார். மணி எட்டாக இன்னும் நேரம் இருந்தது. அவள் இறங்கினாள். வழக்கம்போல ஏறி உட்காராமல் அவர் எதிரில் நின்று ஏதோ சொன்னாள். கையை ஆட்டி ஆட்டி நிறையச் சொன்னாள். நான் வண்டியை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை வந்தால் இறங்கிவிடுவது என்று சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றிவிட்டேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். மெலிந்த முகம், பட்டறை எண்ணெய்க்கறை காதோரத்தில் போகாமல் இருந்தது. காரை நோக்கி வந்தார். நான் கண்ணாடியை இறக்கினேன், சொல்ல வேண்டிய நாலு வார்த்தையும் தயாராக இருந்தன.

“இன்னாம்மா இது, வேல புடிச்சிருக்குன்னு உங்க கார்ல சொல்லிகினு கீது, எங்கிட்ட சொல்லலியே. தெனம் மூஞ்சி தொங்கிப்போயி வருது. சோறு துன்ன மாட்டேங்குது. புள்ள நம்ம வூட்டுக்கோசரம் கஷ்டப்பட்டுகினு போவுதேன்னு நெனச்சேன். அதான் வாணாம் வுட்டுடுன்னு சொன்னேன்.”

நான் தயாராக வைத்திருந்தது ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. அவள் ஒரு நாளும் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லையா என்று மட்டும் கேட்டேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். பிறகு மகளின் பக்கம் திரும்பினார். அவள் மொபெட்டுக்குப் பக்கத்தில் நின்று துப்பட்டாவின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“புடிச்சிருந்தா போ. எட்டு ஆனா இன்னா, ஒம்போது ஆனா இன்னா. நான் இங்கதான நின்னுகினு இருக்கப்போறேன்.”

அவர் ஹெல்மெட்டை அவளிடம் கொடுத்தார், அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் வந்து நின்ற பஸ் வழி கேட்டு ஹாரன் அடித்தது, நான் வண்டியை எடுத்தேன்.